இரண்டாவது சரணம் எங்கே போகிறது?

புதுப் பாட்டு ஒன்று வந்த புதிதில் எனக்கும் பிடிக்கத்தான் செய்கிறது. ஒரு மாதம் போனால், காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் முதல் தாளம் கேட்டாலே எழுந்து போய் ரேடியோவை அணைக்கத் தோன்றுகிறது. தையல் கடையில் வேலை. கைக்கு ஓய்வு கிடையாது, காதுக்கு எஃப்எம்தான் துணை. கடை திறந்ததும் ஒரு தடவை, டீ குடிக்கும்போது ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் மறுபடியும் அதே பாட்டு. சரி என்று ஸ்டேஷனை மாற்றினால் அங்கேயும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

2011 நவம்பரில் கொலவெறி பாட்டு வந்தது ஞாபகம் இருக்கும். எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். டவுன் பஸ், டீக்கடை, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். அடுத்த வருஷம் மார்ச்சில் அந்தப் பாட்டு இடம்பெற்ற '3' படம் தியேட்டருக்கு வந்தபோது பாட்டின் மேல் எனக்கு ஒட்டுதலே மிச்சமில்லை. நல்ல பாட்டை ஓயாமல் போட்டுப் போட்டே கொன்றுவிட்டார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. எஃப்எம் நிலையங்களில் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள்தான் பாட்டுகளை வரிசைப்படுத்துகிறது. ஹிட் பாட்டுகளைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பி வரும்படி செய்துவிடுகிறார்கள். தெரியாத பாட்டு வந்தால் ஆள் அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவிவிடுவார், விளம்பரமும் கூடவே போய்விடும் என்ற பயம். தனியார் எஃப்எம்மில் சொந்தமாகச் செய்தி தயாரித்துப் போட அனுமதி இல்லை, அதனால் பொழுது முழுவதையும் பாட்டையும் பேச்சையும் வைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் தமிழில் பாட்டுக்கா பஞ்சம்?

புதுப் பாட்டுகளைவிட எனக்கு ராத்திரி நிகழ்ச்சிகள்தான் பெரிய வருத்தம். 1976-ல் அன்னக்கிளியில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர் இளையராஜா. ராஜா பாட்டு என்று சொல்லிவிட்டுத் தினமும் விரல் விட்டு எண்ணக்கூடிய அதே பாட்டுகளையே போட்டால், கேட்கிறவனுக்கு அவர் போட்டது அவ்வளவுதான் என்று ஆகிவிடாதா? அதையும் முழுசாக விடுவதில்லை. ஆரம்ப இசை முழுக்க அதன் மேல் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், பல்லவி தொடங்கும் நொடியில்தான் நிறுத்துவார்கள். முதல் சரணம் முடிந்து, இடையிசையில் புல்லாங்குழல் தனியாக மேலே ஏறி, பின்னால் வயலின்கள் வந்து சேரப்போகிற நேரம் பார்த்து வெட்டிவிட்டு நகைக்கடை விளம்பரம். அந்த இடத்துக்காகத்தானே நான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன்! இரண்டாவது சரணத்தை எழுதிய கவிஞரும் அதைப் பாடியவரும் என்ன பாவம் செய்தார்கள்?

அப்புறம் பெயர்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர் என் அம்மா. எந்தப் பாட்டைக் கேட்டாலும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று கடகடவென்று சொல்லுவார். அறிவிப்பாளர்கள் சொல்லிச் சொல்லியே மனதில் பதிந்தது அது. பாடகராக மட்டும் எனக்குத் தெரிந்திருந்த ஏ.எம். ராஜாதான் 1959-ல் வந்த கல்யாண பரிசு படத்துக்கு இசையமைத்தவர் என்பதை, அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையமான கோடை பண்பலையில் ஒருநாள் பாட்டுக்கு முன்னால் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். இன்று கடையில் என்னோடு வேலை செய்கிற பையனுக்குப் பாட்டு மனப்பாடம், யார் எழுதியது என்று கேட்டால் தெரியாது. அவனைக் குறை சொல்லி என்ன பயன், யாராவது சொன்னால்தானே?

பாலசந்தரின் முதல் படமான நீர்க்குமிழிக்கு இசையமைத்த வி. குமாரின் பாட்டை எங்கள் கடை ரேடியோவில் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை. ஹிட் பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு பாட்டு, அதிகம் கேட்காததாக, முழுசாக, யார் இசை யார் வரி என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். நான் ஸ்டேஷனை மாற்ற மாட்டேன்.