எஃப்1 அழுத்திப் பழகிய கணினி

ஞாயிறு, காலை முழுக்க மழை

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். பழைய கணினிகளைத் திறந்து பார்ப்பது எனக்கு விடுமுறை நாள் வேலை. காசுக்குச் செய்வதில்லை. செய்ததை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். இது அந்த நோட்டில் இருந்து, கொஞ்சம் விரித்து எழுதியது.

"தம்பி, மெயிலு வரவே மாட்டேங்கு. சென்னைக்காரரு ஆர்டர் அனுப்பிட்டேன்னு சொல்லுதாரு. இங்க ஒண்ணையும் காணல" என்றார். அவரிடம் இருப்பது பட்டன் போன். மெயில் பார்க்க அந்தப் பட்டறைக் கணினி ஒன்றுதான். விண்டோஸ் 10, மெயிலுக்குத் தண்டர்பேர்ட், கணக்கு ஜிமெயில். பாஸ்வேர்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று பயந்து, தம்பி மகனிடம் சொல்லி அவன் போனில் இருந்தே இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். அப்படியும் வரவில்லை.

மெயில் வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேறு கருவியில் பார்த்தீர்களா? தம்பி மகன் வந்து தன் போனில் அண்ணாச்சியின் கணக்கைத் திறந்தான். சென்னை மெயில்கள் 4 அங்கே இருந்தன. ஆக, அனுப்பியவர் மேல் பிழை இல்லை, கணக்கும் நன்றாக இருக்கிறது. அங்கிருந்து இந்தக் கணினிக்குள் வரும் வழியில்தான் அடைப்பு. இந்த ஒரு சோதனைக்கு 2 நிமிடம்தான் ஆகும். இதைச் செய்யாமல் பாஸ்வேர்டை மாற்றியதில் இரண்டாவது பிழை ஒன்று சேர்ந்துகொண்டது என்பது அப்போது எனக்கும் தெரியாது.

தண்டர்பேர்டில் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று அறிவிப்பு. குரோமைத் திறந்தால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அதுவே சொல்கிறது. திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2012, ஜனவரி 1. சுவரில் தினசரிக் காலண்டர் தாள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டு ஜூலையில் நிற்கிறது. கணினியில் இருப்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தேதிக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. மெயில் சர்வரோடு பேச்சைத் தொடங்கும்போது, நான் இன்னார்தான் என்று அது ஒரு சான்றிதழைக் காட்டும். எந்த நாளில் இருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்று அதிலேயே இருக்கும். ஜிமெயில் காட்டும் சான்றிதழின் ஆயுள் ஏறக்குறைய 3 மாதம்தான். 2012-இல் நின்றுகொண்டு இந்த வருடத்துச் சான்றிதழைப் பார்க்கிற கணினிக்கு, அது இன்னும் பிறக்காத தேதியில் கையெழுத்துப் போட்ட பத்திரம். ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ளவும் கூடாது. அறிவிப்பில் உள்ள விதிவிலக்குப் பொத்தானை அமுக்கி உள்ளே போகலாமே என்று தம்பி மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். கடிகாரம் தப்பாக இருக்கும்போது அந்தப் பூட்டை உடைப்பது, சாவி கிடைக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது போல.

இணையம் இருந்தும் விண்டோஸ் தானாகத் தேதியைத் திருத்தவில்லையே என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. தனியாக இருக்கும் விண்டோஸ் கணினியின் நேரச் சேவை, வித்தியாசம் 54,000 நொடிக்குள், அதாவது 15 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் தானே சரிசெய்யும். அதற்கு மேல் போனால் கை வைக்காமல் விட்டுவிடும். 15 மணி நேரம் எங்கே, இத்தனை வருடம் எங்கே! கையால் தேதியை வைத்தேன். நேர சர்வராக டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க் முகவரியைக் கொடுத்தேன். இந்திய நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துடைய சர்வர் அது. எனக்கு அதில் ஒரு பிரியம்.

சான்றிதழ்ப் பிழை போயிற்று. மெயில் மட்டும் வரவில்லை. இப்போது பாஸ்வேர்ட் தவறு என்றது.

இங்கேதான் அந்த இரண்டாவது பிழை. சில வருடம் முன்பு யாரோ இந்தத் தண்டர்பேர்டை, வேறு மென்பொருளில் ஜிமெயிலைத் திறக்க கூகுள் தனியாகக் கொடுக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் போட்டு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூகுள் கணக்கின் முக்கிய பாஸ்வேர்டை மாற்றினால், ஏற்கெனவே கொடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். புதிதாக ஒன்று எடுத்துப் போட்டதும் 70-க்கும் மேற்பட்ட மெயில்கள் விழுந்தன. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நான் டீ குடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். முடியவில்லை.

திங்கள்

காலை 9:30-க்கு போன். பழையபடி மெயில் இல்லை. தேதியைப் பாருங்கள் என்றேன். 2012.

"அண்ணாச்சி, காலையில கம்ப்யூட்டர் போடும்போது ஏதாவது எழுத்து வருதா?"

"வருமே. கருப்பா ஒரு ஸ்கிரீன் வரும். எஃப்1 அமுக்குனா போயிரும். ரெண்டு மூணு மாசமா அப்படித்தான், பழகிப்போச்சு."

ஞாயிறு நான் போனபோது கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கருப்புத் திரையை நான் பார்க்கவில்லை. முதலிலேயே அணைத்துப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இனி எந்தக் கணினியாக இருந்தாலும், முழுக்க அணைந்த நிலையில் இருந்து அது எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்.

அந்தத் திரை சொல்வது, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது. சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். அந்தக் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் சரியாக 1 வரும், அதுதான் ஒரு நொடி. இதைத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து எந்த மதர்போர்டைத் திறந்தாலும் அந்தச் சின்னப் படிகத்தைத் தேடிப் பார்ப்பேன். சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரமே அதற்குப் போதும். அதனால்தான் ஒரு பேட்டரி பல வருடம் தாங்குகிறது.

எஃப்1 மூன்று மாதமாக வருகிறது, மெயில் மட்டும் ஏன் இப்போது நின்றது? இது பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அதன் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடிவிடும், பேட்டரிக்கு வேலையே இல்லை. ஜூனில் மழை பிடித்ததும், சந்தில் தண்ணீர் ஏறும் என்று அண்ணாச்சி இரவில் பட்டறையின் மெயின் சுவிட்சையே இறக்க ஆரம்பித்திருக்கிறார். அன்று முதல் இரவெல்லாம் தீர்ந்த பேட்டரியை நம்பியே கடிகாரம். அவர் செய்தது சரியான காரியம். மழைக்காலத்தில் அந்தப் பகுதியில் யாரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

செவ்வாய் இரவு

பட்டறையில் வைத்துச் செய்யாமல் கேபினெட்டை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே தோல் தூசியும் நூல் பிசிறும் மெத்தை போலப் படிந்திருந்தன. பிராசஸர் விசிறியின் கீழே சூட்டை இறக்கும் தகடுகளே தெரியவில்லை. புளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

பழைய பேட்டரி மல்டிமீட்டரில் 1.9 வோல்ட் காட்டியது. தெருமுனைக் கடையில் வாங்கிய, உறை இல்லாத உதிரி பேட்டரி 3.0 காட்டியது. போதும் என்று போட்டேன். பவர் கொடுத்தால் திரை வரவில்லை. நீளமான பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் பீப்.

பீப் கணக்கு, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்கு பயாஸ் மாறும். ஆனால் விட்டு விட்டு வரும் நீண்ட பீப் என்றால் நான் முதலில் ரேமைத்தான், அதாவது தற்காலிக நினைவகத்தைத்தான் சந்தேகப்படுவேன். தூசி ஊதியபோது அது அசைந்திருக்கலாம். 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் இரண்டு. கழற்றிப் பார்த்தால் தங்கப் பற்களில் மங்கலான படலம். கடல் காற்றும் மழை ஈரமும் உள்ள ஊரில் இது அடிக்கடி பார்ப்பது. அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். வேலை செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை, அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சும் போகும். நான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பேன். அதிலும் போகாத கறைக்கு மட்டும் ரப்பரை லேசாக, ரேமைக் கேபினெட்டுக்கு வெளியே வைத்து.

ஒரு ரேம் மட்டும் முதல் ஸ்லாட்டில்: எழுந்தது. அதை எடுத்துவிட்டு மற்றது: எழுந்தது. இரண்டும் சேர்த்து: எழுந்தது. இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம்.

வெள்ளி

இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். இன்று போட்டால் மறுபடி எஃப்1. புதுப் பேட்டரி போட்டும்!

சும்மா அளந்தபோது 3.0 காட்டியதே என்று, 1 கிலோ ஓம் மின்தடையைக் குறுக்கே கோத்து அளந்தேன். 3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் வோல்ட் 2.2-க்கு இறங்கிவிட்டது. வெகுநாள் கிடந்த சரக்கு. சுமை இல்லாமல் பார்க்கும் வோல்ட்டை நம்பி மூன்று நாளை இழந்தேன்.

சனி

60 அடி சாலை வழியாக மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்து, ஸ்லோ வண்டியில் கிராண்ட் ரோடு. அங்கிருந்து லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க் என்றுதான் இருக்கும், வாயில் வருவது லாமிங்டன் ரோடு. மழைக்குக் கடைகளின் முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உறையோடு இருந்த சிஆர்2032 இரண்டு, ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று வாங்கினேன். புதுப் பேட்டரி 3.2 வோல்ட். அதே மின்தடையைக் கோத்தாலும் 3.1-இல் நின்றது.

இந்தப் பேட்டரியின் உறையைப் பிரிப்பதற்குக் கத்தரி வேண்டும், அத்தனை கெட்டி. அது வேண்டுமென்றே செய்ததுதான். குழந்தை இதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அந்த ஆபத்து உண்டு. பட்டறை மேல்தளத்தில்தான் அண்ணாச்சி வீடு, பேரப்பிள்ளை தவழ்கிற வயது. பழைய இரண்டையும் டேப் சுற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன், மின்கழிவோடு கொடுக்க.

அடுத்த வாரம்

கணினியைத் திரும்ப வைத்தாயிற்று. செவ்வாய் காலை அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, அந்தக் கருப்பு ஸ்கிரீன் வரலியே, ஒண்ணும் ஆயிடலையே?" வரக்கூடாது அண்ணாச்சி என்றேன். தேதியை வாசிக்கச் சொன்னேன். சரியாக வாசித்தார்.

புதன் மாலை இன்னொன்று. சென்னைக்கு அனுப்பிய மாதிரிப் படங்கள் திரும்பி வந்துவிட்டன. திரும்பிய மெயிலின் ஆங்கிலத்தைப் பார்த்ததும் பலர் மூடிவிடுவார்கள். எனக்கு அதுதான் முதல் சாட்சி. அதில் 552 என்ற எண்ணும், வாங்குபவரின் சர்வர் 10 எம்பிக்கு மேல் ஏற்காது என்பதும் இருந்தன. படங்கள் 6, மொத்தம் 8 எம்பி. 10-க்குள் தானே?

இல்லை. மெயிலில் படம் படமாகப் போவதில்லை, எழுத்தாக மாற்றப்பட்டே போகிறது. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகும். 8 எம்பி வழியில் 10.7 எம்பி ஆகிவிடும். ஆகவே 10 என்று எல்லை சொன்னால் 7-க்கு மேல் இணைக்காமல் இருப்பது நல்லது. படங்களின் அகலத்தை 1,600 பிக்சலாகக் குறைத்தோம். ஆறும் சேர்ந்து 3 எம்பிக்குள் அடங்கின, தையல் தெளிவாகவே தெரிகிறது. அனுப்பிய கால் மணியில் பதில் வந்தது. கைப்பிடி நிறம் மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

மிச்சம் இருப்பது ஒன்று. வீட்டில் வைத்திருந்தபோது ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தையும் பார்த்தேன். கெட்டுப்போன செக்டர், அதாவது தகவல் பதியும் துண்டு, எதுவும் இல்லை. ஆனால் சி7 என்ற வரிசையில் 214. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். அதனால்தான் லாமிங்டன் ரோட்டில் அந்தக் கேபிளையும் வாங்கினேன், மாற்றிவிட்டேன். அந்த எண் குறையாது, கேபிள் சரி என்றால் ஏறாமல் நிற்கும். கேபினெட்டின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி, பேட்டரி மாற்றிய தேதியையும் 214-ஐயும் எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும்.