கோத்தகிரி வீட்டில் ஆறு மாதக் கைவேலை: மழை தாங்கியவையும் தாங்காதவையும்

ஆடி மாதம் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். கோத்தகிரியில் டானிங்டனைத் தாண்டி மேலே ஏறும் ஒரு சந்து. இரண்டு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். வீட்டில் அலமாரி ஒன்றுகூட இல்லை. நான், கணவர், அத்தை, ஏழாவது படிக்கும் மகள், ஒரு தையல் மிஷின், நாலு பேருடைய ஸ்வெட்டரும் கம்பளியும். இவ்வளவையும் ஆயிரம் ரூபாய்க்குள் ஒழுங்காக அடுக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்ததை எல்லாம் தையல் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தவை அட்டைப் பெட்டிகள். வீடியோக்களில் எல்லோரும் செய்வதுதான். கடையில் வாங்கிய பழைய அட்டைப் பெட்டிகளை அளவாக வெட்டி, உள்ளே தடுப்பு வைத்து, மைதா பசை காய்ச்சி, பூப்போட்ட கிஃப்ட் பேப்பர் ஒட்டினேன். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் ஒன்பது பெட்டிகள் தயார். நூல்கண்டுக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று, மகளுடைய நோட்டுகளுக்கு இரண்டு, மருந்துக்கு ஒன்று. ஒரே வரிசையில் சுவரை ஒட்டி அடுக்கியபோது வீடே மாறிவிட்டது போல் இருந்தது. அத்தை அன்றைக்கு மட்டும் மூன்று தடவை வந்து பார்த்தார்.

நீலகிரியில் மழை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வராது. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. அதனால் ஆகஸ்டும் செப்டம்பரும் என் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளி முடிந்து, விடாமல் பதினோரு நாள் மழையும் மூடுபனியுமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் பொத்தான் பெட்டியை எடுத்தேன். அடிப்பாகம் தரையிலேயே நின்றுவிட்டது, மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம். மகளுடைய நோட்டுக்குள் இராமபாணப் பூச்சிகள் ஓடின. ஒன்பதில் ஏழு பெட்டிகளைத் தூக்கிப் போட்டேன். இரண்டு வார வேலை. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

எதிர்வீட்டு அக்கா படுகர். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருப்பவர். பார்த்துவிட்டு, "சுவரு வேர்க்கும்மா. எதை வெச்சாலும் ரெண்டு விரல் தள்ளி வை. தரையிலயும் வைக்காதே" என்றார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வெளியே குளிர், அதனால் சுவரும் குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே நாலு பேருடைய மூச்சு, சோறு வேகும் ஆவி, காயாத துணி. அந்த ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது. வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டி இருந்தால் நடுவில் காற்றே ஓடாது, நீர் அங்கேயே தங்கும். மைதா பசை பூசணத்துக்கும் பூச்சிக்கும் நேராகச் சாப்பாடு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது பூச்சியைத் தடுக்கும். ஆனால் துத்தம் விஷம். பிள்ளை கைபடும் பெட்டிக்கு அதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து மூன்று விஷயம் பார்த்துத்தான் எதையும் செய்கிறேன். காற்று உள்ளே புகுந்து போக வேண்டும். கழுவவோ வெயிலில் போடவோ முடிய வேண்டும். சுவரையும் தரையையும் தொடாமல் நிற்க வேண்டும்.

சமையலறையில் உத்தரம் வெளியே தெரிகிறது. ஆணி அடிக்கத்தானே கூடாது, கயிறு போட்டுக் கட்டலாமே என்று தோன்றியது. மர மில்லில் கழிவுப் பலகை இரண்டு வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, உத்தரத்தைச் சுற்றி வந்த கயிற்றை ஓட்டைகளில் இறக்கி, ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் முடிச்சுப் போட்டேன். முடிச்சின் மேல்தான் பலகை உட்காரும். சணல் கயிறு பார்க்க அழகு, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் மக்கும். தேங்காய்நார்க் கயிறு அப்படி மக்காது, கிணற்றிலும் தோணியிலும் காலம் காலமாக அதைத்தானே பயன்படுத்துகிறார்கள். அதையே வாங்கினேன். பழைய காலத்து உறியைத்தான் பெரிதாகச் செய்திருக்கிறேன் என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அத்தைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பலகையில் இப்போது மசாலா பாட்டில்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்யும் பொருள்கள் வீடியோக்களில் நிறைய வருகின்றன. இந்த மாவட்டத்தில் ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வெட்டுவதற்குப் பாட்டிலே கிடைக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஜாம் வந்த கண்ணாடி பாட்டில்கள் போதும். மேலே காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினால் பத்தே நாளில் உரிந்துவிடுகிறது. தைத்து மிஞ்சிய காடாத் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நூலால் 'மல்லி', 'சீரகம்' என்று தைத்துக் கழுத்தில் கட்டிவிட்டேன். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

வெங்காயமும் பூண்டும் காய்கறி மூட்டையின் வலைப்பையில் தொங்குகின்றன. வாயில் கட்டுக்கம்பியை வளையமாகக் கொடுத்தால் பை திறந்தபடியே நிற்கும், கைவிட்டு எடுக்க வசதி. உருளைக்கிழங்கை அப்படித் தொங்கவிடக் கூடாது. வெளிச்சம் பட்டால் பச்சை பாய்ந்துவிடும், பச்சை பாய்ந்ததைச் சாப்பிடுவது நல்லதல்ல. அதற்கு மூடிய கூடை வேண்டும்.

நான் இதில் மிகவும் ஆசைப்பட்டுச் செய்தது அந்தக் கூடையைத்தான்.

கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் கம்புகளால் நிஜ யானை அளவில் யானைகளைச் செய்தார்கள். 2021ல் லண்டன் பூங்காக்களில் அவற்றைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தியிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து இந்தச் செடி மேல் எனக்கு ஒரு கண். அலங்காரச் செடியாக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது, இன்றைக்குக் காட்டுக்குள் புல்லையும் கன்றுகளையும் வளரவிடாமல் புதராக மண்டிக் கிடக்கிறது. வெட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லாத செடி. காட்டுக்குள் போய் எதையும் வெட்டக் கூடாது என்பதால், அக்காவின் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். அவருடைய கவாத்துக் கத்தியையே கொடுத்தார். தண்டில் சின்ன முள் உண்டு, அதனால் கையில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன்.

பென்சில் தடிமனில் சட்டத்துக்கு, அதில் பாதித் தடிமனில் பின்னுவதற்கு என்று இரண்டு கட்டு. வீட்டுக்கு வெளியே விறகடுப்பு மூட்டி, பழைய அண்டாவில் தண்ணீர் ஊற்றி மூன்று மணி நேரம் வேகவைத்தேன். வெந்ததும் தோல் கையாலேயே உரிந்து வந்துவிடும். உள்ளே கம்பு வெளிர் மஞ்சளில் வழவழவென்று இருக்கும். சூடும் ஈரமும் இருக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வளையும், காய்ந்துவிட்டால் வளைத்த இடத்திலேயே நிற்கும். காயவைத்த கம்பில் பின்ன உட்கார்ந்தால் ஒடியும். முதல் நாள் ஆறு கம்பு ஒடித்த பிறகுதான், பின்னுவதற்கு முன் மறுபடி ஊறவைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். அடிப்பாகத்துக்கு நாலு கம்பைக் கூட்டல் குறி போல வைத்து எட்டு கால்கள் வரும்படி ஆரம்பித்தேன். ஒற்றைக் கம்பால் ஒன்று விட்டு ஒன்று பின்னிக்கொண்டு வந்தால், இரண்டாவது சுற்றிலும் மேலே போன காலுக்கு மேலேயே போகிறது. பின்னல் பிடிக்கவே இல்லை, உருவினால் வந்துவிடும். மகள்தான் எண்ணிப் பார்த்து, "அம்மா, எட்டு இரட்டைப்படை. ஒன்பது இருந்தா மாறி மாறி வரும்" என்றாள். ஒரு கம்பைக் கூடுதலாகச் செருகினேன். அடுத்த சுற்றிலேயே மேலும் கீழும் மாறி இறுகிக்கொண்டது. கால்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள்.

கூடையை முடிக்க நாலு மாலை ஆனது. வாய் வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. மூடியைத் தனியாகப் பின்னி, அடியில் மூன்று கட்டைக் கால் வைத்து தரையிலிருந்து தூக்கிவிட்டேன். ஆறு கிலோ உருளைக்கிழங்கு தாங்குகிறது. டிசம்பர் முழுக்க ஈரத்தில் இருந்தும் இதுவரை ஒரு புள்ளி பூசணம் இல்லை.

கம்பளிகளுக்கு அம்மா வீட்டிலிருந்து தேயிலைப் பெட்டி கிடைத்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக்கொண்டு வந்தது அந்தப் பெட்டியில்தான். இப்போது தேயிலை காகிதப் பைகளில் போகிறது. அப்போது பிளைவுட் பெட்டிதான், விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். ஈரம் புகாமல் கடல் தாண்டித் தேயிலை போக வேண்டும் என்று செய்தது, கம்பளிக்கும் அதே காவல்தானே. ஈயத்தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பழையதில் காரீயம் கலந்திருக்கலாம் என்று பயந்து, அதன் மேல் கெட்டித் துணியால் உறை தைத்துப் போட்டேன். வெளியே பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை, ஒரு கை வார்னிஷ் மட்டும். மேலே பஞ்சு மெத்தை வைத்ததும் உட்காரவும் ஆயிற்று. அம்மா வந்து அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மூடிய பெட்டி என்பதால் உள்ளே அடுப்புக்கரித் துண்டுகளைத் துணிப்பையில் கட்டிப் போடுகிறேன். கரி வாடையையும் கொஞ்சம் ஈரத்தையும் இழுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்தால் திரும்ப வேலை செய்யும். சிலர் சுட்ட சுண்ணாம்புக்கல் வைக்கச் சொன்னார்கள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் தண்ணீர் பட்டால் கொதித்துச் சூடாகிவிடும். துணி இருக்கும் பெட்டியில் அது வேண்டாம்.

அலங்காரத்துக்கு அதிகம் செலவழிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் இலை அடியில் வெள்ளி மாதிரி மின்னும். உதிர்ந்த இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே தையல் மிஷின் தலையைப் பாரமாக ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றினேன். தாளை மாற்றாவிட்டால் இலை கறுத்துவிடும். பத்து நாளில் காய்ந்ததும் மூன்று இலையை, ஒன்று அடிப்பக்கம் தெரிய, இரண்டு மேல்பக்கம் தெரிய, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து ஓரத்தைத் துணிப்பட்டையால் மூடினேன். ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காலை வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது நரம்பெல்லாம் தெரியும். வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

மெத்தை உறையில் தோடர் பூத்தையல் மாதிரி சிவப்பும் கறுப்புமாகப் போடலாமே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். தோடர்களின் அந்த வேலைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது அவர்களுடைய கை, அவர்களுடைய பிழைப்பு. நான் அதைப் பார்த்துப் போடுவது சரியில்லை. என் வெட்டுத் துணிகளையே சதுரம் சதுரமாக இணைத்துத் தைத்துவிட்டேன்.

ஊட்டியில் சித்தி வீட்டு வாசலில் பைன் மரம். அங்கிருந்து ஒரு பை நிறையக் காய்கள் கொண்டுவந்து, கயிற்றில் கோத்து ஜன்னலில் மாலையாக விட்டேன். மழை நாளில் எல்லாம் மூடிக்கொண்டன. கெட்டுப்போயிற்று என்று கழற்றப் போனேன். இரண்டு நாள் வெயில் அடித்ததும் திரும்ப விரிந்தன. செதிலின் வெளிப்பக்கம் ஈரத்தில் அதிகமாக ஊதுவதால் அது உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்கிறது, காய்ந்தால் திறக்கிறது. மரத்திலிருந்து விழுந்து மாதக்கணக்கான காயிலும் இது நடக்கும். இப்போது அத்தை அதைப் பார்த்துத்தான் வடாம் போடலாமா வேண்டாமா என்று சொல்கிறார்.

செலவுக் கணக்கு: பலகை 200, கயிறு 80, கண்ணாடி 120, வார்னிஷ் 110, கட்டுக்கம்பி 40, உப்புத்தாள் 30, கோணூசி 10. மொத்தம் 590 ரூபாய். பூசணத்துக்குப் போன அட்டைப் பெட்டிகளுக்கு 180. ஆக 770.

மிச்சம் 230 ரூபாயில் செருப்பு அடுக்கு செய்ய வேண்டும். ஈரச் செருப்பு என்பதால் பலகை வேண்டாம், உண்ணிச்செடிக் கம்பையே ஏணி மாதிரி இடைவெளி விட்டுக் கட்டப்போகிறேன். நேற்று அண்டாவில் இரண்டு கட்டு வெந்தது. தோல் உரிக்க மகளும் உட்கார்ந்தாள். பைன் காய்கள் மூன்று நாளாக விரிந்தே இருக்கின்றன, கம்புகள் தாழ்வாரத்தில் காய்கின்றன.