இடது ஃபெண்டர்

பிப்ரவரி 9
ரிப்போர்ட் வரவில்லை. வண்டியைக் கழுவினேன்.

பிப்ரவரி 10
ஃபெண்டரில் மறுபடி ஆரஞ்சுப் புள்ளிகள். வண்டியை விட்டிருந்த இடத்தில் எந்தப் புண்ணியவானோ இரும்பு நாரால் தேய்த்திருக்கிறான். அதன் துகள்கள் தகட்டில் பதிந்துவிட்டன. துருப்பிடிப்பது அவைதான், தகடு அல்ல. இது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம். கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஒட்டிய இரும்பு போகாதவரை துரு கசிந்துகொண்டே இருக்கும்.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "எடுத்துடலாம்ல?" என்றார். வண்டியைத்தான் கேட்டார்.

பிப்ரவரி 11
காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். தகடு ஒட்டவில்லை, உதிரி நார் மட்டும் கொஞ்சம் வந்தது. அற்பச் சந்தோஷம்.

பிப்ரவரி 13
ஆக்ஸாலிக் அமிலப் பொடி. கையுறை போட்டு, ஈரத்துணியில் குழைத்து, தகட்டின் பிரஷ் வரி ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தேன். வட்டம் போட்டால் சாய்வெயில் காட்டிக்கொடுத்துவிடும். காயவிடாமல் கழுவி மைக்ரோஃபைபரால் துடைத்தேன். பிளீச் பக்கமே போவதில்லை, அதிலுள்ள குளோரைடுதான் அந்த ஆக்சைடு படலத்துக்கு எமன்.

பெயின்ட் அடித்த வண்டி என்றால் பட்டி வைத்து மறைத்துவிடலாம். 1981இல் வட அயர்லாந்தின் டன்மரியில் இந்த டெலோரியன் காரைச் செய்தவர்கள் வெறும் பிரஷ் வரியோடு விட்டுவிட்டார்கள். நெளிந்தால் தட்டித்தான் நிமிர்த்த வேண்டும். கீறினால் ஸ்காட்ச்-பிரைட்டால் வரியை மறுபடி இழுக்கலாம்: ஒரே திசை, ஒரே அழுத்தம், நடுவில் நிற்காமல் விளிம்பு வரை. அதற்கு இப்போது கை வராது. நேற்றுப் பாத்திரம் கழுவும்போதே நடுங்கியது.

பிப்ரவரி 14
போன் அடித்தது. ராங் நம்பர்.

பிப்ரவரி 16
தம்பி வந்தான். பானட்டில் கையை ஊன்றிக்கொண்டே பேசினான். ஐந்து விரலும் அப்படியே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டால் போய்விடும், தெரியும். இருந்தாலும் அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வியாழக்கிழமை என்றான் போல.

பிப்ரவரி 17
புதன் என்றானாம்.

பிப்ரவரி 18
ராத்திரி மழை. விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபெண்டர் சுத்தம். கதவின் கீழ் விளிம்பில் ஒரு புள்ளி. புதிதா, முன்பே இருந்ததா? அப்பா செருப்பு மாட்டிவிட்டார். சரி, வந்து பார்க்கிறேன்.