777 போட்ட ஒரு காலை, சரிசெய்த ஒரு வாரம்

எட்டுப் பேர் சேர்ந்து ஒரே லினக்ஸ் சர்வரைப் பயன்படுத்துகிறோம். அதற்கென்று தனி நிர்வாகி கிடையாது. கட்டளைகளைக் கண்டு பயப்படாத ஆள் என்பதால் ரூட் (எதையும் மாற்ற அதிகாரமுள்ள தலைமைக் கணக்கு) பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாராவது வந்து "அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது" என்றால், அந்தக் கோப்புக்கு 777 என்ற அனுமதி எண்ணைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு ஏழு, குழுவுக்கு ஒரு ஏழு, மற்றவர்களுக்கு ஒரு ஏழு. எல்லாருக்கும் எல்லாம் கொடுத்துவிட்டால் சண்டை ஏது?

ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். எரிச்சலில், எல்லாருடைய தனிக் கோப்புறைகளும் அடங்கிய ஹோம் கோப்புறைக்கே, உள்ளே இருப்பவை அனைத்துக்கும் சேர்த்து, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் 777 கொடுத்தேன். அதன் பிறகு யாராலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை.

எங்கள் சர்வரில் கடவுச்சொல் கொடுத்து நுழைய முடியாது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலுக்கான சாவி, அதாவது அடையாளக் கோப்பு, வேண்டும். ஏற்கப்பட்ட சாவிகளின் பட்டியலை வேறு யாரும் திருத்தலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்எச் அந்தப் பட்டியலையே நம்ப மறுத்துவிடும். நியாயம்தான், யார் வேண்டுமானாலும் தன் சாவியை அதில் செருகிவிடலாமே. ஏற்கெனவே திறந்திருந்த என் முனையம் (கட்டளை தட்டும் சாளரம்) ஒன்றுதான் மிச்சம். அதை மூடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தனிக் கோப்புறைகளுக்கு 750, சாவிகள் இருக்கும் கோப்புறைக்கு 700, அதனுள் இருக்கும் கோப்புகளுக்கு 600 என்று ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

திருப்ப முடியாதவையும் இருந்தன. சிஎச்மாட் பழைய எண்களை எங்கும் குறித்து வைப்பதில்லை. சாதாரண உரைக் கோப்புகளும் இயக்கக்கூடியவை ஆகிவிட்டதால், எது நிரல், எது வெறும் குறிப்பு என்று அனுமதியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மற்ற எல்லாக் கோப்புகளையும் 640 ஆக்கிவிட்டு, ஓட மறுத்த நிரல்களுக்கு மட்டும் இயக்க அனுமதியைத் திரும்பக் கொடுத்தேன். அதற்கே இரண்டு நாள் போனது.

அதன் பிறகுதான், எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோப்புறையை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன். அங்கே வெகுநாளாக ஒரு புதிர் இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று ஒருவர் 444 போட்டு வைத்த கோப்பு ஒரு நாள் காணாமல் போயிருந்தது. எழுதும் உரிமையே இல்லாத கோப்பை இன்னொருவர் எப்படி அழித்தார்? கோப்பின் பெயர் கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. அழிப்பது என்பது கோப்புறையிலிருந்து பெயரை நீக்குவது. அதற்குக் கோப்புறையில் எழுதும் உரிமை போதும், கோப்பின் 444 அதைத் தடுக்காது. இத்தனை நாளும் கோப்பையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய அடி.

எட்டுப் பேரையும் ஒரு புதுக் குழுவில் சேர்த்தேன். சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் சிறிய 'ஏ'-வை விட்டால், அந்த ஆள் ஏற்கெனவே இருந்த கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார். முதல் ஆளுக்கு நான் விட்டேன். பொதுக் கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி 2775 கொடுத்தேன். முன்னால் நிற்கும் 2 இருந்தால், உள்ளே உருவாகும் புதுக் கோப்புகள் உருவாக்கியவரின் குழுவை விட்டுவிட்டு, கோப்புறையின் குழுவைப் பெறும்.

ஆனால் குழு சரியாக வந்தும் எழுத முடியவில்லை. காரணம் யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் எண். புதுக் கோப்பு பொதுவாக 666-இல் தொடங்கும். எங்கள் யூமாஸ்க் 022 என்பதால் குழுவின் எழுதும் உரிமை பறிபோய் 644 ஆகிக்கொண்டிருந்தது. அதை 002 ஆக்கினேன். ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே, அவர் மட்டும் உள்ள தனி முதன்மைக் குழு இருந்ததால் இதில் ஆபத்தில்லை. "மாற்றிவிட்டேன், பாருங்கள்" என்றேன். இரண்டு பேருக்கு அப்போதும் வேலை செய்யவில்லை. குழு மாற்றமும் யூமாஸ்க்கும் அடுத்த முறை உள்நுழையும்போதுதான் நடைமுறைக்கு வரும். அவர்களோ பல நாட்களாக வெளியேறவே இல்லை.

கடைசிவரை படுத்திய ஒருவர், கோப்புகளைத் தன் இடத்தில் செய்து முடித்துப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்துகிறவர். ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் கோப்பு புதிதாக உருவாவதில்லை. பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் அப்படியே இடம் மாறும். நகலெடுத்தால் புதிதாக உருவாகும், குழுவும் மாறும். நகர்த்தாமல் நகலெடுக்கச் சொன்னேன். "இரண்டும் ஒன்றுதானே" என்று இன்றைக்கும் வாதாடுகிறார்.

இந்தக் களேபரத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார்; கடைசியாகச் சேர்ந்தவர் அவர்தான். கணக்கை நீக்கினேன், கோப்புகளைத் தொடவில்லை. உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய கணக்கு எண்ணான 1007 மட்டும் தெரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்தவருக்குக் கணக்குத் திறந்தபோது, இருப்பவற்றில் பெரிய எண்ணுக்கு அடுத்ததாக அதே 1007 போனது. முதல் நாளே அவர் வந்து, "காலையில் இரண்டு கோப்புகள்தானே செய்தேன், என் பெயரில் ஏன் இத்தனை கோப்புகள்?" என்று கேட்டார். உரிமையாளர் இல்லாத கோப்புகளைத் தேடினால் இனி எதுவும் கிடைக்காது, எல்லாவற்றுக்கும் இப்போது அவரே உரிமையாளர். அவர் சேர்ந்த நாளுக்கு முன் கடைசியாகத் திருத்தப்பட்டவற்றைத் தேதியை வைத்துப் பிரித்தெடுத்து, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை மூலம் ரூட்டின் பெயருக்கு மாற்றினேன். அவர் அன்று காலையில் செய்த இரண்டு கோப்புகள் மட்டும் அவரிடம் எஞ்சின.