பர்ச்ஃபீல்டைப் படிக்கப் போகிறீர்களா? ஆண்டுகளை இரண்டிரண்டாகப் பாருங்கள்

முதுகலை நுண்கலைப் படிப்பில் ஓர் ஓவியரின் வாழ்வையும் படைப்பையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நான் அமெரிக்க நீர்வண்ண ஓவியர் சார்லஸ் பர்ச்ஃபீல்டை எடுத்துக்கொண்டேன். அடுத்து அவரைப் படிக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் முழுக்க வாழ்க்கைக் குறிப்பிலேயே போய்விட்டது. 1893-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்த ஊரின் பெயர் சேலம் (ஆம், அங்கும் ஒரு சேலம் இருக்கிறது). கிளீவ்லாந்தில் ஓவியம் படித்தார். 1921 முதல் பஃபலோவில் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் வேலை; 1929-இல் அதை விட்டு முழுநேர ஓவியரானார். 1967-இல் மறைந்தார். இத்தனையும் எழுதி முதல் வரைவைக் கொடுத்தேன். வழிகாட்டி ஆசிரியர் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தார். 'சூரியனும் பாறைகளும், 1918' என்று நான் எழுதிய இடம். "மற்ற ஆண்டு எங்கே?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். படத்தின் கீழே 1918–50 என்று இருந்ததைப் பார்த்தும் விட்டிருந்தேன்.

அந்த இரண்டாவது ஆண்டில்தான் இவருடைய கதை முழுவதும் இருக்கிறது. 1917-ஐத் தம் பொன் ஆண்டு என்பார் பர்ச்ஃபீல்டு. அப்போது அவருக்கு 24 வயது. மழை பெய்யும் குளிர்கால இரவில் தேவாலய மணி ஒலிக்கும் ஓவியத்தில், குழந்தைப் பருவத்துப் பயம் அப்படியே வந்து நிற்கும்; வீடுகள் முறைக்கும். 'பூச்சிகளின் கூட்டிசை'யில் சில்வண்டுகளின் ஒலியை நெளிகோடுகளாகத் தீட்டியிருப்பார். பயம், ஏக்கம் போன்ற மனநிலைகளுக்குத் தனித்தனி வடிவங்களையே வகுத்து வைத்திருந்தார். பிறகு குடும்பம், வேலை. கண்முன் தெரிந்த தெருக்கள், பழைய வீடுகள், தொழிற்சாலைகள் என்று கை திரும்பிவிட்டது. 1930-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவருடைய இளமைக்கால நீர்வண்ணங்களைக் காட்சிக்கு வைத்தபோது, இவர் அந்தப் பாணியைவிட்டு வெகுதூரம் வந்திருந்தார்.

ஐம்பது வயதை எட்டும் வேளையில் அந்தப் பழைய தாள்களை வெளியே எடுத்தார். சுற்றிலும் புதிய தாள்களை ஒட்டி, சிறிய ஓவியத்தைப் பெரிதாக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இருபத்தைந்து வயதுக் கையும் ஐம்பத்தேழு வயதுக் கையும் ஒரே படத்தில் வேலை செய்திருக்கின்றன என்றால் சாதாரணமா?

இதை வாசித்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். முதலாண்டில் வரைந்த என் சிறிய நீர்வண்ணப் படம் ஒன்றின் வலப்பக்கம் புதுத்தாளை ஒட்டினேன். வண்ணத்தை இரண்டின் மேலும் சேர்த்து இழுத்தபோது, ஒட்டு விளிம்பில் நீர் தேங்கிக் கருங்கோடாக உறைந்தது. ஒரே நீலம் பழைய தாளில் மங்கலாகவும் புதியதில் பளிச்சென்றும் காய்ந்தது. அதை மறைக்க நான்கு நாட்கள் போராடினேன். கட்டுரையில் நான் எழுதியவற்றுள் உருப்படியான இரண்டு பக்கங்கள் அந்த நான்கு நாட்களிலிருந்து வந்தவை.

குறிப்பெடுக்கும்போது ஒரு தாளை நடுவில் கோடிட்டுக்கொள்ளுங்கள். தொடங்கிய ஆண்டில் அவர் எப்படி இருந்தார் என்பது இடப்பக்கம், முடித்த ஆண்டில் எப்படி இருந்தார் என்பது வலப்பக்கம். அவருடைய நாட்குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். முதலிலிருந்து தொடங்கினால் திணறிவிடுவீர்கள். நீங்கள் எடுத்த ஓவியத்தின் இரண்டு ஆண்டுகளுக்குரிய பகுதிகளை மட்டும் முதலில் வாசியுங்கள். பிறப்பு, இறப்புத் தேதிகளைத் தேர்வுக்கு முந்தின இரவில் பார்த்துக்கொள்ளலாம்.