கட்டுரைத்தாளுக்கு ஒரு ஆசிரியர்

சிவில் சர்வீசஸ் தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸ் முடிவு வெளியாகும் வாரத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "மேடம், பொண்ணு மெயின்ஸுக்குத் தேறிட்டா. ஜி.எஸ். பேப்பருக்கெல்லாம் சென்டர்ல டெஸ்ட் எழுதுறா. எஸ்ஸேக்கு மட்டும் தனியா ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்ங்கிறா. நீங்க எடுப்பீங்களா, இல்ல யாரையாவது சொல்ல முடியுமா?" மெயின்ஸ் என்பது அடுத்த கட்டமான எழுத்துத் தேர்வு, ஜி.எஸ். அதில் வரும் பொது அறிவுத் தாள்கள், எஸ்ஸே கட்டுரைத்தாள். பேசுகிறவர் பெரும்பாலும் அப்பாவாக இருப்பார். பரமக்குடியிலோ விருத்தாசலத்திலோ இருந்து கூப்பிடுவார். பெண் அண்ணா நகரில் ஏதோ ஒரு ஹாஸ்டலில் இருப்பாள்.

என்னால் எல்லோரையும் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் யாரைப் பிடிக்கலாம், எப்படிப் பார்த்துப் பிடிக்கலாம் என்றுதான் அதிக நேரம் பேசியிருக்கிறேன். அதை ஒரு இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

சிவில் சர்வீசஸ் மெயின்ஸில் முதல் நாள், முதல் தாள் கட்டுரை. 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு தலைப்புகள், பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். 2013 வரை ஒரே கட்டுரைதான் இருந்தது, 2014-இலிருந்து இரண்டு. தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் மொத்தம் 1750. அதில் ஏழில் ஒரு பங்கு இந்த ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. இறுதி முடிவு வந்த சில நாளில் தாள்வாரியாக மார்க் வெளியிடுகிறார்கள். அப்போதுதான் பலருக்கு உறைக்கிறது. ஜி.எஸ்.ஸில் கூடப் படித்தவரும் தானும் கிட்டத்தட்ட ஒன்று, கட்டுரையில் மட்டும் முப்பது நாற்பது மார்க் வித்தியாசம். அடுத்த அட்டெம்ப்டுக்கு முன் எனக்கு வருகிற போன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தனியாகச் சொல்லிக்கொடுக்க வருவதற்கு முன் சில வருடங்கள் ஒரு பெரிய பயிற்சி மையத்தில் தாள் திருத்தினேன். மையத்தின் பெயர் வேண்டாம், பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு இதேதான். தாளுக்கு இவ்வளவு என்று கூலி. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், புதன்கிழமை கட்டு வீட்டுக்கு வரும். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படிக்க இருபது நிமிடம் ஆகும். அந்தக் கூலிக்கு யாராலும் இருபது நிமிடம் கொடுக்க முடியாது. அதனால் ஓரத்தில் எழுதுகிற குறிப்புகள் ஒரே அச்சில் வரும்: "நன்று. புள்ளிவிவரம் சேர்க்கவும். முடிவுரையை வலுப்படுத்தவும்." மாணவர் கைக்குத் தாள் போய்ச் சேரும்போது இரண்டு வாரம் ஓடியிருக்கும். எந்த எண்ணத்தில் அந்தப் பத்தியை எழுதினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். புள்ளிவிவரம் சேர்க்கச் சொன்னார்களே என்று அடுத்த கட்டுரையில் இன்னும் நாலு புள்ளிவிவரம் வரும். கட்டுரை முன்னைவிட மோசமாகும். திருத்துகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. இந்த வேலையின் அமைப்பு அப்படி.

எழுதியவரை எதிரில் உட்காரவைத்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த வேலையே புரிந்தது.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், இஞ்சினியரிங் முடித்தவள். 2016-இல் கேட்கப்பட்ட ஒரு தலைப்பைப் பயிற்சிக்கு எடுத்து எழுதியிருந்தாள்: கூட்டாட்சி இந்தியாவில் மாநிலங்களுக்கு இடையிலான நீர்த் தகராறுகள். தகவலில் ஒரு குறையும் இல்லை. அரசியல் சட்டத்தின் 262-ஆம் பிரிவு, 1956 சட்டம், 1990-இல் காவிரி நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது, அதே வருடம் மேலாண்மை ஆணையம். எல்லாம் வரிசையாக இருந்தது. படித்து முடித்ததும் எனக்கு மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

"தீர்ப்பு வந்திருச்சு, ஆணையமும் வந்திருச்சு. அப்புறமும் ஏம்மா சண்டை தீரல?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "மேட்டூர் நிரம்பி வழியிற வருஷத்துல யாரும் தீர்ப்பைப் பத்திப் பேசுறதில்ல மேடம். தண்ணி இல்லாத வருஷத்துலதான் எல்லாம். எவ்வளவு பங்குன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. குறையிறப்ப யார் எவ்வளவு குறைச்சுக்கணும், அதை அந்தந்த மாசமே யார் சொல்லணும்கிறதுலதான் சிக்கல். ஜூன் 12-க்கு மேட்டூரைத் திறக்கலன்னா எங்க ஊர்ல குறுவை போச்சு. ஆகஸ்ட்ல தண்ணி வந்து என்ன பண்றது?"

"இதை ஏன் எழுதல?"

"இது நம்ம ஊர்க்கதைதானே மேடம்."

இது என் கருத்து என்று சொல்ல அவளுக்குத் தயக்கம். அவளுக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றும், பொருளுரையில் உபதலைப்புகள் என்றும் பழகி வந்தவர்கள் இவர்கள். தான் என்ன நினைக்கிறோம் என்பதைப் பரீட்சைத் தாளில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவளை அங்கேயே உட்காரவைத்து, சொன்னதையே முதல் பத்தியாக எழுதச் சொன்னேன். குறுவையில் ஆரம்பித்தாள். "பங்கை நிர்ணயிக்க மன்றம் போதும், பற்றாக்குறையைப் பகிர்வதற்கு மாநிலங்களுக்குள் தினசரி நம்பிக்கை வேண்டும்" என்கிற இடத்துக்கு இரண்டாம் பத்தியிலேயே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு 1956-உம் 2007-உம் 2018-உம் தானாக அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்தன. பாதித் தகவல் வெளியே போனது. யாரும் வருத்தப்படவில்லை.

தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் பாடத்திட்டத்தில் கட்டுரைத்தாளுக்கு இருக்கிற குறிப்பு சில வரிகள்தான். தலைப்பை விட்டு விலகக் கூடாது, எண்ணங்களை ஒழுங்காக அடுக்க வேண்டும், சுருக்கமாக எழுத வேண்டும், சொல்வதைத் துல்லியமாகச் சொன்னால் மதிப்பெண் உண்டு. மேற்கோள் பற்றியோ புள்ளிவிவரம் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் சந்தையில் விற்பதெல்லாம் மேற்கோள் தொகுப்பும் மாடல் கட்டுரையும்தான்.

தலைப்பை விட்டு விலகுவது என்றதும் இன்னொரு மாணவர் ஞாபகம் வருகிறது. 2023-இல் வந்த தலைப்பு ஒன்று: பெண்களைக் கட்டுப்பாடுகள் அழுத்துகின்றன, ஆண்களை எதிர்பார்ப்புகள் அழுத்துகின்றன, இரண்டுமே ஒரே அளவு தீங்கான ஒழுங்குமுறைகள் என்கிற கருத்து. இவர் முழுக் கட்டுரையையும் பெண்களைப் பற்றியே எழுதியிருந்தார். படிப்பு, வேலை, திருமண வயது, இரவில் வெளியே போவது என்று நன்றாகவே எழுதியிருந்தார். தலைப்பின் இரண்டாம் பாதியைத் தொடவே இல்லை. வீட்டில் மூத்த மகன், கல்விக்கடன் பாக்கி, கூடப் படித்தவர்கள் சம்பாதிக்க, ஊருக்குப் போனால் "என்னப்பா, இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கியா?" என்ற கேள்விக்குப் பயந்து தீபாவளிக்கே போகாமல் இருந்தவர் அவர். இவ்வளவும் டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார், தாளில் ஒரு வரி இல்லை. தன் கதையை அப்படியே எழுத வேண்டியதில்லை. ஆனால் தலைப்பு கேட்கிற விஷயம் தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதை அவருக்கு யாராவது காட்ட வேண்டியிருந்தது. 2021-க்குப் பிறகு தலைப்புகள் பெரும்பாலும் பழமொழி போலவோ தத்துவ வாக்கியம் போலவோ வருகின்றன. துறைமுகத்தில் கப்பல் பத்திரமாக இருக்கும், ஆனால் கப்பல் அதற்காக இல்லை என்று 2022-இல் ஒன்று. இதற்கெல்லாம் மனப்பாடம் செய்து வைத்த கட்டுரை கைகொடுக்காது. சொந்தமாக யோசிக்க வைக்கிற ஆள்தான் வேண்டும்.

அதனால், ஆள் தேடுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கட்டணத்தையும் நேரத்தையும் பேசுவதற்கு முன், ஏற்கெனவே எழுதிய ஒரு கட்டுரையை அவரிடம் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே படிக்கச் சொல்லுங்கள். அவர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சிவப்புப் பேனாவை எடுத்து எழுத்துப்பிழையில் ஆரம்பித்தால் அவர் நல்ல மொழி ஆசிரியராக இருக்கலாம், உங்களுக்கு இப்போது வேண்டியவர் அவர் இல்லை. தன் மாடல் கட்டுரையை எடுத்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "இந்த இடத்துல எனக்குப் புரியல, என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்கிறாரா? அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: அதே கட்டுரையை மறுபடி எழுதினால் மறுபடி படிப்பாரா? பலர் வாரம் ஒரு புதுத் தலைப்பு என்றுதான் போகிறார்கள். எண்ணிக்கை ஏறும், கட்டணமும் ஏறும். என் அனுபவத்தில் ஒரே தலைப்பை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதும்போதுதான் எழுத்து மாறுகிறது. பிரிலிம்ஸ் முடிவுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இருப்பது மூன்று மாதத்துக்குள்தான். அதற்குள் பத்துக் கட்டுரையை ஒரு தடவை எழுதுவதைவிட மூன்று கட்டுரையை மூன்று தடவை எழுதலாம்.

யார் இந்த வேலைக்குச் சரியாக வருவார்கள் என்றும் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்கள் அக்கறையாகப் படிப்பார்கள், ஆனால் மூன்று மணி நேர நெருக்கடி அவர்கள் கணக்கில் வராது. பத்திரிகை உதவி ஆசிரியர்கள் வெட்டுவதில் கெட்டிக்காரர்கள், எதை நீக்கலாம் என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். இன்டர்வியூ வரை இரண்டு மூன்று முறை போய் கடைசிப் பட்டியலில் பெயர் வராதவர்களை நான் அதிகம் பரிந்துரைப்பேன். தாளின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள், நேரம் ஒதுக்குவார்கள், எதிரில் இருப்பவரின் நிலைமையும் தெரியும். டாப்பர் படத்தைச் சுவரில் பார்த்து மயங்க வேண்டாம். அந்த டாப்பர் அந்த மையத்தில் ஒரே ஒரு மாதிரி நேர்காணலுக்கு மட்டும் போயிருக்கலாம். இதனால்தான் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் போட அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், எந்தப் பயிற்சியை எவ்வளவு காலம் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் படும் பாடு தனி. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் எழுதலாம், ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தலைப்பை ஆங்கிலத்தில் படித்து, அது எங்கே குறி வைக்கிறது என்று பிடித்து, அப்புறம் தமிழில் யோசிக்க வேண்டும். இந்த முதல் பத்து நிமிடத்துக்கே தனிப் பயிற்சி வேண்டும். தமிழில் திருத்துகிறவர்களோ மிகக் குறைவு. கிடைக்கிறவர்களில் சிலர் நடையை மேடைப் பேச்சாக மாற்றிவிடுகிறார்கள். அடுக்குமொழியும் குறளும் பத்திக்குப் பத்தி வந்து விழுகின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல தமிழில், நேராக, ஒரு நிர்வாகி எழுதுகிற மாதிரி எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே அறிவுரை "இன்னும் அழகா எழுதுங்க" என்பதுதான்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இலிருந்து தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் பிரிலிம்ஸ் தேறிய தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 25,000 ரூபாய் கிடைக்கிறது. அது ஹாஸ்டலுக்கும் டெஸ்ட் சீரிஸுக்குமே சரியாகப் போய்விடும். முடியாதவர்கள் கடன் வாங்கித் தனி ஆசிரியர் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் உங்களைப் போலவே தயாராகிற இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் சத்தமாகப் படிக்கட்டும். படிக்கிறவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கோடு போடுங்கள். பாராட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம், "இங்க என்ன சொல்ல வந்தே?" என்று மட்டும் கேளுங்கள். நான் வாங்குகிற கட்டணத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குத்தான்.

ஆசிரியர் வைத்தாலும் கடைசிப் பதினைந்து நாள் அவர் வேண்டாம். என் மாணவர்களுக்கு அந்த நாட்களில் நான் தாள் திருத்துவதில்லை. காலை 9 மணிக்கு உட்கார்ந்து 12 வரை, கையால், இரண்டு கட்டுரை, வாரம் இரண்டு முறை. மற்ற நாட்களில் எட்டுத் தலைப்பை எடுத்து, எதை எழுதுவேன், எதை விடுவேன், ஏன் என்று பத்துப் பத்து நிமிடம் குறிப்பு மட்டும். அதையும் எனக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.