8 லிட்டர் கைமாற்று

அன்று மதியம் அம்மா பீட்ரூட் பொரியல் வைத்திருந்தார். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் 5.30 மணிக்கு, வயிற்றில் ஒட்டியிருக்கும் மலப்பையைக் காலி செய்யப் போனவர், பாத்ரூமிலிருந்து "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். பைக்குள் கருஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றே நினைத்துவிட்டேன். கை நடுங்க, இந்தப் பையைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி ஸ்டோமா சிஸ்டருக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மதியம் பீட்ரூட் சாப்பிட்டாரா?"

1 மணிக்கு வாயில் போனது, நாலரை மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்து, ஏறக்குறைய 6 மீட்டர் சிறுகுடலையும் கடந்து வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அப்பாவுக்கு 67 வயது. திண்டுக்கல்லில் 40 வருஷம் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டியவர். போன வருஷம் மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்தபிறகு மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் குடலைக் கீழ் நுனியோடு சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அந்த வழியாக எதுவும் போகக்கூடாது. அதனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலது பக்கம் துளை போட்டு வெளியே எடுத்துத் தோலோடு தைத்துவிட்டார்கள். இலியாஸ்டமி என்று பெயர். வெளியே தெரியும் குடல்வாய்தான் ஸ்டோமா. அதன்மேல் ஒரு பை. 3 மாதம் கழித்து மூடிவிடலாம் என்றார்கள்.

அந்த 3 மாதம் நான் குடலைக் கண்ணால் பார்த்துப் படித்தேன். பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். பெருங்குடலுக்கு நேராக "நீரை உறிஞ்சுகிறது" என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த 2 வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது, டிஸ்சார்ஜ் ஆகி 12-ஆம் நாள் அப்பாவைத் திரும்ப அட்மிட் பண்ணியபோதுதான் புரிந்தது.

ஸ்டோமாவை முதலில் பார்த்த அன்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னத்தின் உள்பக்கம் போலச் செக்கச்செவேலென்று, ஈரமாக, பெரிய நெல்லிக்காய் அளவில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது தானாகச் சுருங்கியது, பிறகு தளர்ந்தது. துடைக்கும்போது அப்பாவுக்கு வலியே இல்லை. குடல் உப்பினாலோ இழுபட்டாலோ வலிக்கும், தொட்டால் தெரியாது என்றார் சிஸ்டர். அந்த அசைவுக்கு மூளை உத்தரவு போட வேண்டியதும் இல்லை. குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் குடல் உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அதை முன்னே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. இதைப் படித்துக் காட்டியதும் அப்பா, "மெயினை ஆஃப் பண்ணாலும் ஓடுற மோட்டாரா இது" என்று கேட்டார். அவர் குரலில் அன்றைக்குத்தான் கொஞ்சம் பழைய ஆர்வம் தெரிந்தது.

பை மாற்றுவது காலை 6 மணிக்கு, காபிக்கு முன்னால். அப்போதுதான் குடல் அமைதியாக இருக்கும். காபி போய்விட்டால் அப்புறம் நிற்காது, ஒட்டும் இடம் நனைந்துவிடும். நனைந்தால் தோல் வெந்துவிடும். உணவைக் கரைக்கிற நொதிகள் அந்த நீரில் இன்னும் உயிரோடு இருக்கின்றன; தோல் என்றும் சோறு என்றும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருமுறை பையை ஒட்டும் பேஸ்ட் சரியாகப் பிடிக்காமல் ஒரே ராத்திரியில் அப்பாவின் தோல் தீப்பட்டது போலச் சிவந்துவிட்டது.

எது செரிக்கிறது, எது செரிக்கவில்லை என்பதற்குப் பையே சாட்சி. இட்லி அடையாளமே இல்லாமல் போய்விடும். மாவுச்சத்தை எச்சில் உடைக்கத் தொடங்குகிறது, கணைய நீரும் சிறுகுடல் சுவரின் நொதிகளும் முடித்துவைக்கின்றன. முட்டையும் மீனும் அப்படித்தான், காணாமல் போய்விடும். ஆனால் தக்காளித் தோல், தாளிப்புக் கடுகு, கறிவேப்பிலை எல்லாம் போட்டது போட்டபடி வந்து நிற்கும். செடிகளில் இருக்கும் நாரான செல்லுலோஸை உடைக்கும் நொதி நம்மிடம் கிடையாது. தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான் எல்லாம் ஸ்டோமா வாயில் அடைத்துக்கொள்ளும் என்று சிஸ்டர் தடுத்துவிட்டார். "நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு சொல்வாங்களே ஐயா, உங்களுக்கு அதுதான் மருந்து" என்றார். ஒரு வாய்ச் சோற்றை அப்பா 30 தடவை மெல்லுவதை அம்மா எதிரில் உட்கார்ந்து எண்ணுவார்.

நிறம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பழுப்பாக எதுவும் வரவில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், மலத்தின் நாற்றமும் அவ்வளவாக இல்லை. ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழ்ந்து உடைகிறது. அதிலிருந்து வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு குடலில் விடுகிறது. அதைப் பழுப்பாக்குவது பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள். அப்பாவின் உணவு அங்கே போய்ச் சேரவே இல்லை. அதனால் பித்தத்தின் நிறம் அப்படியே வெளியே வந்தது.

சரி, அந்த 12-ஆம் நாளுக்கு வருகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வரலாம், எவ்வளவைத் தாண்டினால் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவுக்குத் தாகம் அடங்கவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சிறுநீர் கொஞ்சமாக, தேன் நிறத்தில் போனது. கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் சோடியம் குறைந்து, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. 2 நாள் ட்ரிப் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த இளம் டாக்டர் ஒருவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான் மில்லில் கணக்கு எழுதுகிறவள். அந்தக் காகிதம் எனக்கு உடனே புரிந்தது. சாப்பிட்டும் குடித்தும் உள்ளே போவது சுமார் 2 லிட்டர். எச்சில் ஒன்றரை லிட்டர். இரைப்பை நீர் 2 லிட்டர். பித்தம் அரை லிட்டருக்கு மேல். கணைய நீர் ஒன்றரை. சிறுகுடல் தானே சுரப்பது 1 லிட்டர். கூட்டினால் ஒரு நாளைக்கு 8 லிட்டருக்கு மேல் வருகிறது. உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். வாயில் போன 2 லிட்டர் போக மீதி நீரையும் உப்பையும் அந்த ரத்தத்திலிருந்துதான் எடுத்துக் குடல் சோற்றின்மேல் ஊற்றுகிறது, அன்றைக்கே திருப்பியும் கொடுத்துவிடுகிறது. கடைத்தெருவில் காலையில் வாங்கிச் சாயங்காலம் அடைக்கிற கைமாற்று மாதிரி. பெரும்பகுதியைச் சிறுகுடல் அடைத்துவிடும். மீதி ஒன்றரை லிட்டரைப் பெருங்குடல் அடைக்கும். மலத்தோடு போவது 100, 150 மில்லிதான். அப்பாவுக்கு அந்தக் கடைசி ஒன்றரை லிட்டர் திரும்பவே இல்லை. அதோடு உப்பும் போய்விட்டது.

வெறும் தண்ணீர் ஏன் உதவவில்லை என்று கேட்டேன். உப்பில்லாத தண்ணீர் குடலுக்குள் போனால், குடல் தன் உப்பை அதற்குள் விட்டுவிடும். உப்பு எந்தப் பக்கமோ தண்ணீர் அந்தப் பக்கம். குடித்ததும் போய், உடம்பில் இருந்ததும் போகும். சிறுகுடல் செல்லில் ஒரு வாசல் இருக்கிறது. 1 குளுக்கோஸும் 2 சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீர் பின்னாலேயே போகும். சர்க்கரையும் சோடியமும் இப்படிச் சேர்ந்துதான் போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரத்துக் கூட்டம் ஒன்றில் சொன்னார். காலரா குடலிலிருந்து தண்ணீரைக் கொட்ட வைக்கும்போதுகூட இந்த வாசல் கெடுவதில்லை.

1971-இல் வங்கதேசப் போரில் தப்பி வந்தவர்களின் முகாமில், மேற்கு வங்கத்து பன்காவ் என்ற ஊரில், காலரா பரவியது. ட்ரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸையும் உப்பையும் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை இப்போதெல்லாம் நான் மரியாதையோடுதான் பிரிக்கிறேன். 1 லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது தப்பு.

அப்பாவுக்கு வெறும் தண்ணீரைக் குறைத்து, தினம் 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரை. அம்மா உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் வைத்தார். கஞ்சியின் மாவு உடைந்து குளுக்கோஸாகி அதே வாசலில்தான் போகிறது. வங்கதேசத்தில் அரிசி மாவுக் கரைசலையே காலராவுக்குக் கொடுத்துப் பலன் பார்த்திருக்கிறார்கள். 1,800 மில்லி வந்துகொண்டிருந்தது 4 நாளில் 800-க்கு இறங்கியது. வீட்டில் இலியாஸ்டமி செய்தவர் இருந்தால் பையில் வருவதை அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் சிலர், "அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டார்கள். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். அப்போதுதான் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பட்டு, இரைப்பையில் ஆறாத துளையோடு பிழைத்தவர். அவரைக் காப்பாற்றிய ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட், உணவைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்துக் குப்பியில் வைத்தாலும் இறைச்சி கரைகிறது என்று காட்டினார். 1833-இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்துதான் இரைப்பையைப் பற்றி உலகம் நிறையக் கற்றது. செயின்ட் மார்ட்டின் 1880-இல் இறந்தபோது, டாக்டர்கள் கைக்கு உடல் போய்விடக்கூடாது என்று குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்து, பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நான் அந்தக் குடும்பத்தின் பக்கம். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அப்பாவுக்கு முன்னால் நானே மறுத்துவிட்டேன்.

சிறுகுடலின் உள்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். 2014-இல் ஸ்வீடனில் திரும்ப அளந்து, செரிமானப் பாதை மொத்தமும் 32 சதுர மீட்டர் அளவுதான் என்றார்கள். சதுர அடியில் சுமார் 345. அப்பாவின் பட்டறை 23-க்கு 15 அடி. கணக்குப் போட்டுச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றரை மாதத்தில் ஸ்டோமாவை மூடினார்கள். சும்மா கிடந்த பெருங்குடல் உடனே பழைய வேலைக்குத் திரும்பவில்லை. தேக்கிவைக்க மலக்குடலும் பெரும்பகுதி இல்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு 12, 13 தடவை போனார். தூக்கமில்லை. பையே தேவலை என்று ஒரு ராத்திரி சொன்னார். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு காலையில் பாத்ரூமிலிருந்து மறுபடியும் "பாப்பா" என்று கூப்பிட்டார். ஓடினேன். பழுப்பு நிறம். பாக்டீரியாக்கள் வேலைக்கு வந்துவிட்டன.

அவர் நோட்டு இப்போதும் பட்டறை மேசையில்தான் இருக்கிறது. முன்பக்கத்தில் எந்த மோட்டாருக்கு எத்தனை கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்ற பழைய கணக்கு. பின்பக்கத்திலிருந்து தேதி வாரியாக உள்ளே போனது, வெளியே வந்தது, மில்லியில். கடைசி வரியில் மில்லி இல்லை. "4 தடவை. கெட்டி. தாகம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.